முன்கூட்டியே போட்ட ஊசிகள்

ரத்தப் பரிசோதனையின் முடிவைக் கேட்ட அன்று என் பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அம்மா அஞ்சலை, இன்னொருவர் சித்தப்பா மகன் வேலு. அப்பா இல்லை. அவர் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டில் இருந்தார். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டால் கூட்டத்தை விட்டு ஒருவர் மட்டும் கிளம்பி வர முடியாது. நைனார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்ட அக்காவும் இல்லை. கிளம்பி பாதி வழி வந்தவள், கூட்டுரோட்டில் மறியல் என்று பஸ்ஸைத் திருப்பிவிட்டதால் வீட்டுக்கே போய்விட்டாள்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. எந்த நாள் பஸ் ஓடும், எந்த நாள் ஓடாது என்று யாருக்கும் தெரியாது. என் நோய்க்கு அதுவும் ஒரு காரணம். பெரிய காரணம் நான்தான்.

என்னைப் போல ஊசி போட்டுக்கொள்கிற ஆண்கள் இதை வெளியே சொல்வதில்லை. நானும் சொல்லாமல் இருந்துதான் கெட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினாலு வயதில் எனக்குப் பொன்னுக்குவீங்கி வந்தது. கன்னம் இரண்டும் வீங்கிக் கிடந்தபோது பொன் பட்டால் வடியும் என்று பக்கத்து வீட்டுத் தங்கச் சங்கிலியை இரவல் வாங்கிக் கழுத்தில் போட்டார்கள். கன்னம் வடிந்தது. ஆனால் அந்தக் கிருமி விதை இரண்டையும் தாக்கிவிட்டுப் போனது யாருக்கும் தெரியவில்லை. வலித்ததை நானும் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதிலும் மீசை சரியாக முளைக்காமல், நாலு படி ஏறினால் சோர்ந்து உட்கார்ந்தபோதுதான் புதுச்சேரியில் உள்ள பெரிய அரசு மருத்துவமனைக்குப் போனேன். ஆண் ஹார்மோன், அதாவது டெஸ்டோஸ்டிரோன், என் உடம்பில் மிகக் குறைவாகச் சுரக்கிறது என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, ஆயுள் முழுக்கப் போட வேண்டும் என்றும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் காட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். தொடையில் நானே போட்டுக்கொள்ள ஒரு நர்ஸ் அக்கா சொல்லிக் கொடுத்தார். ஒரு வருடத்தில் மீசை வந்தது. தெம்பு வந்தது. கல்வராயன்மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் தொகுப்பூதியத்துக்கு வாத்தியார் வேலையும் கிடைத்தது. அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குச் சனிக்கிழமை இறங்கி வந்து திங்கட்கிழமை ஏறிவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் காவலர் எழுத்துத் தேர்வில் தேறினேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அரசு வேலைக்கு இவ்வளவு கிட்டத்தில் போனதும் நான்தான். இனி உடற்தகுதித் தேர்வு மட்டும் பாக்கி. உயரம் பார்ப்பார்கள், சட்டையைக் கழற்றச் சொல்லி மார்பளவு எடுப்பார்கள், பிறகு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட வேண்டும்.

மறியல் தொடங்கி மலைக்குப் பஸ் நின்றது. ஊசி வாங்க இறங்க முடியாமல் ஒருமுறை போட வேண்டிய நாள் தாண்டி மூன்று வாரம் போய்விட்டது. பழைய சோர்வு திரும்பி வந்தது. ஓடிப் பழகப் போனால் கால் எழவில்லை. பயந்துவிட்டேன்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மழையோ மறியலோ, பஸ் நிற்கப் போகிறது என்று தெரிந்தால் இரண்டு மாதத்துக்கான அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஏற்றி வைத்துவிடுவார்கள். நான் அதையே என் உடம்புக்கும் செய்தேன். பஸ் ஓடிய ஒரு நாளில் சேலத்துக்குப் போய் மொத்தமாக ஊசி மருந்து வாங்கி வந்தேன். கள்ளக்குறிச்சியில் வாங்கினால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். நாளைக்கு என்ன நடக்குமோ, உடம்பில் இருப்பு இருக்கட்டும் என்று வாரம் ஒன்று போட்டேன். உடம்பு அரிசிப் பானை போல வைத்திருந்து கொடுக்கும் என்று நினைத்தேன். புதுச்சேரிக்குப் போய் ரத்தம் காட்டவும் இல்லை. ஓட்டத்துக்கும் உதவும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை வேறு.

இரண்டு மாதத்தில் மார்புக் காம்புகள் வலிக்கத் தொடங்கின. சட்டை உரசினால் எரியும். பிறகு காம்புக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி, இரண்டு பக்கமும். மார்பு எழும்பத் தொடங்கியது.

பெண்ணுக்கு வருவது எனக்கு வருகிறது என்றால் ஆண் சத்து போதவில்லை என்றுதானே அர்த்தம்? நான் அப்படித்தான் யோசித்தேன். வாரம் ஒன்று என்பதை இரண்டாக்கினேன்.

"எதுக்குடா இம்மாம் ஊசி? ஒரு வாரம் வுட்டுத்தான் பாரேன்" என்றாள் அம்மா.

"உனக்கு இன்னாம்மா தெரியும்? கம்மியானாதான் இப்படி ஆவும்."

"நீ படிச்சவன். உனக்குத் தெரியாததா" என்று அவள் எழுந்து போய்விட்டாள். எங்கள் வீட்டில் என்னை மறுத்துப் பேச ஆள் கிடையாது. கரண்டு பில்லிலிருந்து பத்திரம் வரைக்கும் நான் சொன்னால் சரி. அந்த மரியாதையை நான் மார்பு வீங்குவது வரைக்கும் அனுபவித்தேன்.

நாலாவது மாதம் தலைவலி பிடித்தது. முகம் சிவந்து, கால் வீங்கி, கரும்பலகையில் எழுதும்போது எழுத்து இரண்டாகத் தெரிந்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை வந்தது. ஒருநாள் வகுப்பிலேயே அழுதேன். அன்று பஸ் இல்லை. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய வண்டியில் மலை இறங்கினேன். கள்ளக்குறிச்சியில் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு உடனே புதுச்சேரிக்குப் போகச் சொன்னார்கள்.

படுக்கை கொடுத்தார்கள். ஹார்மோன் பிரிவில் எனக்கு வாய்த்தவர் ஒரு பெண் டாக்டர். அதிகம் பேசாதவர். விரலால் மார்பை அழுத்திப் பார்த்தார், விதைப்பையையும் பார்த்தார். எங்கள் ஊரில் ஒரு பெண் டாக்டர் முன்னால் நான் அப்படிக் கிடப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஊசி எப்படிப் போடுறீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதான் மேடம். மூணு வாரத்துக்கு ஒண்ணு."

ஏன் பொய் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். வாத்தியார் வேலை பார்க்கிறவன், சீட்டில் எழுதியதைப் படிக்கத் தெரிந்தவன், மீறிப் போட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவ்வளவுதான் காரணம்.

அந்தப் பொய்யால் அடுத்த ஐந்து நாள் அவர்கள் என் உடம்பில் புற்றுநோயைத் தேடினார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போடுகிறவனுக்கு மார்பு இப்படி வீங்காது. ஹார்மோன் சுரக்கும் கட்டி எங்கேயோ இருக்கலாம், மார்பிலேயே கட்டி இருக்கலாம் என்று வரிசையாகப் பரிசோதனை எழுதினார்கள். விதைப்பைக்கு ஸ்கேன். மார்புக் கட்டியில் ஊசி குத்தித் திசு எடுத்தார்கள். பிறகு மேமோகிராம். மார்பை இரண்டு பலகைக்கு நடுவில் அழுத்திப் பிடித்து எடுக்கும் எக்ஸ்ரே அது.

மேமோகிராம் அறை வாசலில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பெண்கள். நானும் அம்மாவும் போய் நின்றதும் அங்கிருந்த ஆயாம்மா கையை ஆட்டினார்.

"ஆம்பளைங்கலாம் அந்தாண்ட போய் நில்லுங்க. பேஷண்டு மட்டும் இருக்கட்டும்."

நான் நகரவில்லை. கையில் இருந்த சீட்டை நீட்டினேன். அவர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், பிறகு சட்டையைப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓரத்தில் இருந்த ஓர் அம்மா, திருக்கோவிலூர்க்காரர் என்று பிறகு தெரிந்தது, தன் பையை மடிமேல் எடுத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார். "உக்காரு தம்பி. நின்னுகினே இருந்தா நம்பர் சீக்கிரம் வந்துடப் போவுதா?"

உட்கார்ந்தேன்.

"எனக்கு ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. அடுத்த பக்கம் பாக்க வந்துகினு இருக்கேன்" என்றார், ரேஷன் கடைக்கு வந்த மாதிரி. "மிஷின் அமுக்கும். அந்த நேரத்துல மூச்ச அடக்கிக்கோ. கத்தாத, கத்துனா ஆடிடும், மறுபடி அமுக்குவாங்க."

அவர் சொன்னபடியே மூச்சை அடக்கிக்கொண்டேன். கத்தவில்லை. வெளியே வந்தபோது அவர் உள்ளே போயிருந்தார். அவருக்கு என்ன முடிவு வந்தது என்று எனக்குத் தெரியாது.

ராத்திரிகளில் வார்டு முழுக்க இருமல். அம்மா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பாள். நான் சட்டைக்குள் கைவிட்டு அந்தக் கட்டிகளைத் தொட்டுப் பார்த்தபடி நாளை எண்ணுவேன். உடற்தகுதித் தேர்வுக்கு இன்னும் பத்து வாரம். அதற்குள் இது வடியுமா? வடியாவிட்டால் மைதானத்தில் நூறு பேர் முன்னால் இதோடுதான் நிற்க வேண்டும். புற்றுநோயாக இருந்தால் என்ன ஆகும் என்ற பயத்தைவிட இந்தப் பயமே பெரிதாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

வேலு இரண்டு நாளுக்கு ஒருமுறை வருவான். மறியலில் உட்கார்ந்து, போலீஸ் பிடித்துப்போய் மண்டபத்தில் வைத்து, சாயங்காலம் விட்டதும் கிடைத்த வண்டியில் ஏறி வருவான்.

"நான் ரோட்டுல உனக்கும் சேத்துதான்டா உக்காந்துகினு இருக்கேன். வேலை வந்தா மொதல்ல உனக்குத்தான் வரும். நீ என்னடான்னா இங்க மல்லாந்து படுத்துகினு இருக்க."

"போலீஸ் வேலைக்குப் போறவனுக்காக நீ போலீஸ்கிட்ட அடி வாங்குறியா?"

"அதான் சொல்றேன், சீக்கிரம் சேரு. அடுத்த தபா நீயே அடி. தெரிஞ்சவன் அடிச்சா வலி கம்மியா இருக்கும்."

அம்மா சிரித்தாள். அந்தப் பத்து நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

ஆறாவது நாள் டாக்டர் முடிவுகளோடு வந்தார். மேலே சொன்ன அந்த நாள். புற்றுநோய் இல்லை, விதைப்பையிலும் கட்டி இல்லை என்றார். ஆனால் ஆண் ஹார்மோன் மிக அதிகம். ஈஸ்ட்ரடயால் என்ற பெண் ஹார்மோன் இருக்க வேண்டிய மேல் அளவைவிட மூன்று மடங்கு. ரத்தமும் கெட்டிப்பட்டிருக்கிறது, அதில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு ஐம்பத்தேழு, ஐம்பத்து நாலைத் தாண்டினாலே ஊசியை நிறுத்த வேண்டும், இப்படியே விட்டால் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கோ மூளைக்கோ போகலாம் என்றார். காரணம் தெரியாததால் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பியைப் பார்க்க இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டும்.

"கடைசியா கேக்கிறேன். ஊசி மூணு வாரத்துக்கு ஒண்ணுதானா?"

"ஆமா மேடம்."

"இல்லம்மா" என்றாள் அம்மா.

அவள் எழுந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"மலையில புள்ளைங்க வெறுங்காலோட ஓடும்னு ஒடைச்ச ஊசி பாட்டில்லாம் வூட்டுக்கு எடுத்தாந்து எருக்குழில போடுவான். சாணி அள்ளும்போது எங்கால்லதான் குத்தும். அதான் நான் பொறுக்கி ஒரு டப்பால போட்டு வெச்சிருக்கேன். இந்த நாலு மாசத்துல இருவத்தாறு இருக்குதும்மா. நான் எண்ணியிருக்கேன்."

வேலு தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் என்னைத் திட்டவில்லை. சீட்டில் எழுதியிருந்த ஸ்கேனை அடித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

அன்று அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். ஆணின் உடம்பிலும் பெண் ஹார்மோன் கொஞ்சம் வேண்டும். எலும்பு கெட்டியாக இருக்கவே அது தேவை. உடம்பு அதை ஆண் ஹார்மோனிலிருந்துதான் செய்துகொள்கிறது. கொழுப்பில் அரோமடேஸ் என்று ஒரு பொருள் இருக்கிறது. ஆண் ஹார்மோனில் ஒரு பங்கை அது பெண் ஹார்மோனாக மாற்றிவிடும். ஊசி அளவோடு இருந்தால் மாறுவதும் அளவோடு இருக்கும். நான் நாலைந்து மடங்கு ஏற்றினேன். உடம்புக்கு இருப்பு வைக்கத் தெரியாது. மிச்சத்தை மாற்றிக்கொண்டே இருந்தது. மார்பு வீங்க வீங்க நான் இன்னும் ஏற்றினேன்.

"அந்த மாறுறத நிறுத்த மாத்திரை இருக்காமே மேடம். எங்கேயோ படிச்சேன்" என்றேன்.

"இருக்கு. அதைப் போட்டு ஒரேயடியா இறக்கினா எலும்பு போகும், மூட்டு வலிக்கும். உங்களுக்கு வேண்டியது ஊசியைக் குறைக்கிறது, தொப்பையைக் குறைக்கிறது, ஒழுங்கா ரத்தம் காட்டுறது. மொதல்ல இந்த ரத்தத்தை இளக்கணும்."

"பத்து வாரத்துல மார்பு வடியுமா மேடம்?"

"வலி போகும். கட்டி புதுசா இருக்கிற வரைக்கும் சுருங்கும். கெட்டியானது சுருங்காது. அதுக்கு அப்புறமா ஆபரேஷன்தான்."

ரத்தத்தை இளக்குவது என்றால் எடுத்துக் கொட்டுவது. கையில் ஊசி செருகி ஒரு பை நிறைய எடுத்தார்கள். நாலு நாள் கழித்து இன்னொரு பை. யாருக்காவது கொடுப்பார்களா என்று வேலு நர்ஸிடம் கேட்டான். இல்லை என்றதும், "நம்ம வம்சத்துலயே ரத்தத்த இப்படி வீணாக்குனவன் நீ ஒருத்தன்தான்டா" என்றான். எனக்குத் தலை சுற்றியது. பதினோராவது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதத்துக்கு ஊசியே கூடாது, பிறகு பாதி அளவில் தொடங்க வேண்டும். மார்பு வலிக்கு டமாக்சிஃபன் என்ற மாத்திரை. மார்புக்குள் போய்ப் பெண் ஹார்மோன் வேலை செய்யாமல் தடுப்பது அது. மார்புப் புற்றுநோய் வந்த பெண்களுக்குக் கொடுப்பது.

முதல் மாதத்துக்கு மருத்துவமனையிலேயே கொடுத்தார்கள். அது தீர்ந்தபோது மறுபடி புதுச்சேரி பஸ் நின்றது. கள்ளக்குறிச்சியில் பாய் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. சிறுவயதிலிருந்து எங்களுக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தவர். சீட்டை வாங்கினார். பெயர் இருக்கும் இடம் மடிப்பில் கிழிந்திருந்தது. மாத்திரையின் பெயரைப் பார்த்ததும் முகம் மாறியது.

"யாருக்கு தம்பி? அம்மாவுக்கா?"

நான் தலையாட்டினேன்.

"அல்லா காப்பாத்துவான். இப்பலாம் நல்லாயிடுது. நீங்க தைரியமா இருங்க" என்று சொல்லி, விலையில் பாதியைக் குறைத்தார்.

இதை வீட்டில் சொல்லவில்லை. அடுத்த தடவை, ஊசி இல்லாத சோர்வில் எனக்கு நடக்க முடியாமல், அம்மா போனாள். திரும்பி வந்து மாத்திரையை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

"பாய் ஒண்ணும் சொன்னாரா?" என்று கேட்டேன்.

"ஸ்டூலு போட்டு உக்கார வெச்சாரு. வலி எப்படிம்மா இருக்குதுன்னாரு. இப்ப கம்மி பாய்னேன்." குழம்புக்குப் புளி கரைத்தபடியே சொன்னாள். "அவரு சம்சாரம் தொழுவும்போது எனக்காக வேண்டிக்குதாம்."

"அம்மா, நான்..."

"வுடுடா. உனக்குன்னு சொன்னா ஊரு சிரிக்கும். எனக்குன்னா ரெண்டு நாள் பாவம்னு சொல்லும். எனக்கு இன்னா கொறைஞ்சிப் போச்சு?"

இன்றைக்கும் பாய்க்கு உண்மை தெரியாது.

உடற்தகுதித் தேர்வு நாள் வந்தது. வலி போயிருந்தது. வலப்பக்கக் கட்டி சுருங்கிவிட்டது. இடப்பக்கம் அப்படியே நின்றது. விழுப்புரம் மைதானத்துக்கு வேலுவோடு விடியற்காலையில் போனேன். வரிசை நகர்ந்தது. உயரம் தேறினேன். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. டேப் வைத்திருந்த போலீஸ்காரர் என் மார்பைப் பார்த்தார். "மூச்ச வுடு" என்றார். பிறகு "இழு". எண்களை உரக்கச் சொன்னார், எழுதினார்கள். "தேறிட்ட. சட்டையப் போட்டுகினு அந்தாண்ட போ." மொத்தம் ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் பத்து வாரம் தூங்காமல் கிடந்தேன்.

பிறகு ஓட்டம். முதல் இரண்டு சுற்று ஓடினேன். ஊசி நின்று இரண்டு மாதம், எடுத்த ரத்தம், படுத்தே கிடந்த நாட்கள் எல்லாம் மூன்றாவது சுற்றில் காலைப் பிடித்தன. நான் கோட்டைத் தொட்டபோது, நேரம் முடிந்தது என்று விசில் ஊதிப் பதினோரு வினாடி ஆகியிருந்தது.

வெளியே வேலு தண்ணீர் பாட்டிலோடு நின்றான். மூடியைத் திறந்து நீட்டினான். அம்மாவுக்குப் போன் செய்து, "வேலை வரலம்மா" என்றேன். "வெறும் வயித்தோட பஸ் ஏறாத. ரெண்டு பேரும் எதுனா துன்னுட்டு வாங்க" என்றாள்.

இப்போது பத்து நாளுக்கு ஒருமுறை பாதி அளவு ஊசி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் காட்டுகிறேன். பெண் ஹார்மோன் அளவுக்குள் வந்துவிட்டது. இடப்பக்கக் கட்டி இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். மலைக்கு வேலைக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த தேர்வு அறிவிப்பு எப்போது வரும், அப்போது எனக்கு வயது இருக்குமா என்று தெரியாது.

தேர்வு முடிந்த மறுவாரம் அம்மா செலவு எவ்வளவு என்று கேட்டாள். தாள் எடுத்து எழுதினேன். படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் மருத்துவமனையில் எங்களிடம் எதுவும் வாங்கவில்லை. வெளியே எடுத்த பரிசோதனைகளுக்கு ஆறாயிரத்து முந்நூறு. கூட இருந்தவர்களின் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஐயாயிரத்து நானூற்று எண்பது. பாய் குறைத்தது போக மாத்திரைக்கு ஆயிரத்து முந்நூற்றைம்பது. அதோடு முடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். மனம் கேட்கவில்லை. டாக்டர் சொன்ன ஆறு போக, நானாக வாங்கிப் போட்டுக்கொண்ட இருபது ஊசிக்கு நாலாயிரம் என்று கடைசியில் எழுதிக் கூட்டினேன். பதினேழாயிரத்து நூற்று முப்பது ரூபாய்.